ஒஹாயோவுல ஓட்டில்லாத பேராண்டிக்கு

டேய் பேராண்டி, ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுது, பையனுக்கு ஏதோ காதல்னு உங்கம்மா கண்ணைக் கசக்குறா. நான்தான் எட்டிப் பார்த்துட்டு வந்து, “காதலும் இல்ல கத்திரிக்காயும் இல்ல, அமெரிக்காவுல அரசாங்கச் செலவு கட்டுக்கடங்காமப் போவுதாம், அதுக்குத்தான் தம்பி தூக்கம் கெட்டுக் கிடக்குறான்”னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவளுக்குக் கவலை அதிகமாச்சு.

நீ கன்சர்வேடிவ்னு சொல்லிக்கிறே. ரொம்ப சந்தோஷம் கண்ணு. இந்த வீட்டுல நீ மூணாவது ஆளு. எங்கப்பா ராஜாஜியோட சுதந்திராக் கட்சி. நான் எஸ்டேட்ல ரைட்டர் வேலை பார்த்து, அடுத்தவன் காசுக்குக் கணக்கு எழுதி எழுதியே வலதுசாரி ஆனவன். உங்கப்பன் நடுவுல எந்தக் கட்சிக்கும் ஆகாம சீரியலுக்கு ஆயிட்டான், அதை விடு. ஆக, உனக்குப் புத்தி சொல்ற உரிமை எனக்கு உண்டு. கேக்காம இருக்குற உரிமை உனக்கு உண்டு. ரெண்டுமே நம்ம கொள்கைக்கு உட்பட்டதுதான்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அவங்க ஊர்த் தேர்தல்ல உனக்கு ஓட்டு இல்ல, ரேஷன் கார்டு இல்ல, வாசப்படி மிதிக்க விசாவும் இல்ல. அப்படி இருந்தும் அங்க உள்ள ரிபப்ளிகன் கட்சிக்காரனைத் திட்டிட்டான்னு இங்க உன் சிநேகிதன் கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்தே. கல்யாணத்துக்கு அழைப்பே இல்லாம போய்ப் பந்தியில உக்காந்து, சாம்பார்ல உப்புப் பத்தலைன்னு சம்பந்தி சட்டையைப் பிடிக்கிறவன் கூட கொஞ்சம் கூச்சப்படுவான்டா.

உன் ஆளு விவேக் ராமசாமியையே எடுத்துக்கோ. ஒஹாயோவுல சின்சினாட்டியில பொறந்தவரு, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அங்கேயே படிச்சு, அங்கேயே சம்பாதிச்சு, ஜனாதிபதி வேட்பாளர் ஆகணும்னு அயோவா முழுக்கச் சுத்துனாரு. 2023 டிசம்பர்ல டிவி கூட்டத்துல ஒரு வாக்காளர் எழுந்து நின்னு அவரோட இந்து மதத்தைப் பத்தித்தான் கேட்டாரு. இவரும் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னாரு, பாவம். அடுத்த டிசம்பர்ல ஸ்ரீராம் கிருஷ்ணன். சென்னைப் பையன், காட்டாங்குளத்தூர்ல படிச்சவன். டிரம்ப் அவனைச் செயற்கை நுண்ணறிவுக்கு ஆலோசகராப் போட்டாரு. உடனே டிரம்ப் கட்சி ஆளுங்களே இந்தியாக்காரன் எதுக்குன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. 2025 செப்டம்பர் 19ஆம் தேதி புதுசா எச்1பி விசா வேணும்னா 1,00,000 டாலர் கட்டுன்னு உத்தரவு வந்துச்சு. கதவு உன் மூக்கு மேல மூடுது, நீ இந்தப் பக்கம் நின்னு கை தட்டுறே.

அவங்களை நான் குத்தம் சொல்லல பாத்துக்கோ. தன் ஊர்ப் பையனுக்கு முதல்ல வேலைன்னு ஒருத்தன் நினைக்கிறதுல என்ன தப்பு? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சொல்லி வளர்ந்தவங்கதானே நாம. நான் அமெரிக்காக்காரனா இருந்தா நானும் அதையேதான் செய்வேன். சங்கடம் என்னன்னா, நான் ஏற்காட்டுல நாகலூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் காபி வச்சிருக்குறவன்.

அந்த ரெண்டு ஏக்கருக்கு வருவோம். நேத்து களத்துல காயப் போட்டிருந்த பார்ச்மெண்ட் காபிக் கொட்டையைக் கிளறி விடுன்னா, நீ காலால தள்ளிக்கிட்டே வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தே. அந்தக் கொட்டைக்கும் உன் வீடியோவுக்கும் சம்பந்தம் இருக்குடா. 2025 ஆகஸ்ட் 27லேருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம். பாதி, பரஸ்பர வரிங்கற பேர்ல. பாதி, நாம ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குனதுக்கு. பிரேசிலுக்கும் அதே 50. உலகத்துலயே அதிகமா காபி விளையற நாடு அது. நீ அன்னைக்கு என்ன சொன்னே? “சரியான போடு தாத்தா, உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாத்துறாரு”ன்னே. எந்த உற்பத்தியைடா? அமெரிக்காக்காரன் பெரும்பாலும் காபிச் செடி வச்சிருக்கறது ஹவாய்த் தீவுலயும் போர்ட்டோ ரிக்கோவுலயும்தான். அவன் குடிக்கிற காபியில நூத்துல ஒரு பங்கு கூட சொந்த மண்ணுல விளைஞ்சது கிடையாது. அயோவாவுல மக்காச்சோளத்தை அழிச்சுட்டு, சில்வர் ஓக் நட்டு, மிளகுக் கொடி ஏத்தி, நடுவுல காபி வைக்கப் போறாங்களா? ஒரு ராத்திரிப் பனிக்கு நிக்குமா அது?

வரியை யாரு கட்டுறாங்க, சொல்லு. நானா? துறைமுகத்துல சரக்கை இறக்குற அமெரிக்கக் கம்பெனிதான் கட்டுது. அது கடைக்காரன் தலையில வைக்கும், கடைக்காரன் குடிக்கிறவன் தலையில வைப்பான். எங்கிட்ட வாங்குறவன் ஆர்டரைக் குறைப்பான், அதுல எனக்கும் அடி. 2025 ஆகஸ்ட்ல அந்த ஊர்க் கடையில காபி முந்தின வருஷத்தை விட 20 சதவீதம் ஏறி நின்னுச்சு. பிரேசில்ல மழை பொய்ச்சதும் அதுக்கு ஒரு காரணம். எல்லாப் பழியையும் வரி மேல போட மாட்டேன், ரைட்டர் வேலை பார்த்தவன் நான்.

அப்புறம் நவம்பர் 14ஆம் தேதி அதே டிரம்ப் காபி, டீ, வாழைப்பழம், தக்காளி, மாட்டிறைச்சி இதையெல்லாம் பரஸ்பர வரிப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாரு. அன்னைக்கும் நீ கை தட்டினே, “ஜனங்களுக்கு விலையைக் குறைக்கிறாரு தாத்தா”ன்னு. வரி போட்டா நாட்டைக் காக்குறாரு, வரி எடுத்தா ஜனத்தைக் காக்குறாரு. ஏன்டா, ரெண்டுல ஒண்ணுக்காவது கையை மடியில வச்சிருக்கக் கூடாதா? ரீகன் காலத்துல வலதுசாரின்னா வரியைக் குறை, வியாபாரத்தை அதும்போக்குல விடுன்னு பேசுனாங்க. அவரும் ஜப்பான்லேருந்து எத்தனை கார் வரலாம்னு கணக்குக் கட்டுனவருதான். ஆனா அப்பல்லாம் கட்சிக்குள்ளேயே இது நம்ம கொள்கையான்னு கேக்குறதுக்கு நாலு பேரு இருந்தாங்க. இப்ப கேக்குறவன் துரோகி.

இந்த மலையில காபியே வெளியூர்ச் சரக்குதான். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்து வச்சது. வந்த செடி வேர் பிடிச்சு, இன்னைக்கு அது இல்லாம ஏற்காடே இல்லைன்னு ஆயிப் போச்சு. குடியேறி வந்தவங்களைப் பத்தி நீ ராத்திரி கேக்குற பேச்சை அந்தச் செடிக்கிட்டப் போய்ச் சொல்லிப் பாரேன்.

அரசாங்கம் வியாபாரத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு நீ புஸ்தகத்துல படிச்சிருக்கே. நான் அந்த மூக்குக்குக் கீழேயே வேலை பார்த்தவன். யுத்தத்துல ஐரோப்பாச் சந்தை மூடிக்கிச்சுன்னு 1942ல காபிச் சட்டம் கொண்டாந்தாங்க. தோட்டத்துல விளைஞ்சது அத்தனையும் காபி போர்டோட ‘பூல்’ங்கற பொதுத் தொகுப்புல சேர்க்கணும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வச்சுக்கலாம். சொந்தச் செடியில காய்ச்ச கொட்டையை நாலு பேருக்கு வித்தா குத்தம். போர்டு ஏலம் விட்டு, வித்து, காசைத் தவணை தவணையா அனுப்பும். இந்த வருஷம் பறிச்ச பழத்துக்குக் கடைசித் தவணை வர்றதுக்குள்ள அடுத்த பூ மழை பேஞ்சு செடியெல்லாம் வெள்ளையா நிக்கும். கூலிக்காரன் சனிக்கிழமை சனிக்கிழமை கை நீட்டுவான், அவனுக்கு என்ன தவணை? கூலிக் கணக்கு எழுதுற செக்ரோல் நோட்டை வச்சுக்கிட்டு நான் முழிச்ச முழி இருக்கே! யுத்தம் முடிஞ்சது 1945ல. பூல் முடிஞ்சது 1996ல.

அதை அவுக்க ஆரம்பிச்சது யாருங்கறே? 1992லேருந்து கொஞ்சம் கொஞ்சமா அவுத்தது காங்கிரஸ் சர்க்காரு. எந்தக் கட்சியை எதிர்த்து எங்கப்பா தொண்டை கிழியக் கத்துனாரோ, அதே கட்சி. சந்தை திறந்து அஞ்சாறு வருஷத்துல உலக விலை அதல பாதாளத்துல விழுந்துச்சு. அப்ப போர்டு இருந்திருந்தா தாங்கிப் பிடிச்சிருக்குமேன்னு இந்த மலையில பாதிப் பேரு புலம்புனாங்க. லாபத்துல சுதந்திரம், நட்டத்துல சர்க்காருங்கறது ஏற்காட்டுக்கும் பொது, அமெரிக்காவுக்கும் பொது.

நீ நம்ப மாட்டே, அதுக்கும் அத்தாட்சி வச்சிருக்கேன். நான் பள்ளிக்கூடத்துல தட்டு ஏந்தி நின்னப்ப, மத்தியானச் சோத்துல வந்த மஞ்சள் மாவு உப்புமாவும் பால் பவுடரும் அமெரிக்காவுலேருந்து வந்ததுதான். தர்மம்னு நினைச்சுத் தின்னோம், தர்மம்தான், இல்லேங்கல. ஆனா 1954ல அதை அனுப்பறதுக்கான சட்டத்துல கையெழுத்துப் போட்டவரு ஐசனோவர், உன் ரிபப்ளிகன் கட்சி. அவங்க ஊர் விவசாயிகிட்ட விலை விழாம இருக்க சர்க்காரே வாங்கி வாங்கிக் கிடங்கு நிரம்பிப் போச்சு. நிரம்புனதை வெளியே தள்ள வழி வேணும். விவசாயிக்கு விலை, கிடங்குக்குக் காலி இடம், எனக்கு உப்புமா. சுதந்திரச் சந்தை இதுல எங்க இருந்துச்சுன்னு தேடிப் பாரு, எனக்கும் சொல்லு.

சின்ன அரசாங்கம்தான் நல்லதுங்கறதுல எனக்கு மாத்துக் கருத்து கிடையாது. ஆனா 2025 அக்டோபர் 1லேருந்து நவம்பர் 12 வரைக்கும் 43 நாள் வாஷிங்டன்ல அரசாங்க ஆபீசுங்க முடங்கிக் கிடந்துச்சே, அப்ப நீ ஆடுன ஆட்டத்தைத்தான் பார்க்கச் சகிக்கல. ஏழைங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொடுக்குற உதவி நவம்பர் மாசம் நின்னு போச்சுன்னு செய்தி வந்தப்ப, “உழைச்சுச் சாப்பிடட்டும்”னே. அதே நாள் சாயங்காலம் நம்ம ரேஷன் கடையில பருப்பு வரலைன்னு சேல்ஸ்மேன்கிட்ட எகிறினது யாரு? உங்க பாட்டி ஓசி பஸ்சுல சேலம் போய் வர்றா, உங்கம்மாவுக்கு மாசாமாசம் சர்க்கார் பணம் வருது. அதை வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வா, அப்புறம் நான் உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன். நான் எழுதிக் கொடுக்கச் சொல்லல. வாங்குற கையைப் பார்த்துக்கிட்டே பேசுன்னுதான் சொல்றேன்.

எஸ்டேட் துரை ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போன அலமாரியில பர்க்குன்னு ஒருத்தரு இருந்தாரு. எட்மண்ட் பர்க். நீ வணங்குற கன்சர்வேடிவ் கோயிலுக்கெல்லாம் மூலவர் அவருதான். அவரு இந்தியாவுக்கு வந்ததே இல்ல. ஆனா 1785 பிப்ரவரி 28ஆம் தேதி லண்டன் பார்லிமெண்டுல எழுந்து ஆற்காட்டு நவாப் கடனைப் பத்திப் பேசுனாரு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தனுங்க நவாப்புக்கு வட்டிக்கு விட்டு, அந்த வட்டியை அப்ப கர்நாடகம்னு சொன்ன இந்தத் தமிழ்ச் சீமைக் குடியானவன் கிட்ட வசூல் பண்ணிக்கிட்டு இருந்த காலம். பால் பென்ஃபீல்டுன்னு ஒரு பெரிய முதலை. அந்தப் பேச்சுல பர்க் நம்ம ஏரிகளைப் பத்திப் பேசுறாரு. ராஜாக்கள் வெட்டி வச்ச ஏரி, இந்த நாட்டுல ஆயிரக்கணக்குல இருந்த ஏரி, ஹைதர் அலி படையெடுப்புல நாசமானது, அதைச் சீர் பண்ண வேண்டிய பணம் இந்த வட்டிக்காரனுங்க வயித்துக்குப் போறதுன்னு. யாரைப் பார்த்துப் பேசுறாரு? சொந்த தேசத்து ஆளுங்களை. ஏரி யாரோடது? பேர் தெரியாத தமிழ்க் குடியானவனோடது. அந்த ஒரு பேச்சைப் படிச்சப்புறம்தான் நான் கன்சர்வேடிவ்னு வெளியில சொல்லிக்கக் கூச்சப்படாம இருந்தேன். முப்பாட்டன் வெட்டி வச்சதைப் பேரனுக்கு விட்டு வைக்கணும், நடுவுல எவன் கை வச்சாலும், அவன் நம்ம ஆளே ஆனாலும், சட்டையைப் பிடிக்கணும். நீ கேக்குற யூடியூப்காரன் எவனாவது ஏரியைப் பத்தி வாய் திறந்தானா? ஊர் ரெண்டுபட்டாத்தானே அவனுக்குக் கொண்டாட்டம்.

மலையடிவாரத்துலயே ஒருத்தரு இருந்தாரு, உனக்கு அவரைத் தெரியாது, தெரிஞ்சதெல்லாம் அமெரிக்க வலதுசாரிப் பேச்சாளர் டக்கர் கார்ல்சன். ராஜாஜி 1900ல சேலத்துல வக்கீலாத் தொழில் ஆரம்பிச்சாரு, 1917ல சேலம் நகரசபைத் தலைவரு. குடியரசு ஆகறதுக்கு முன்னாடி தேசத்துக்கே கவர்னர் ஜெனரல். எல்லாம் முடிஞ்சு, மத்தவங்க பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ற 80 வயசுல, 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சாரு. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் நாட்டை முழுங்குதுன்னு தன் பழைய கட்சியையே எதிர்த்தாரு. 1962ல 18 எம்.பி., 1967ல 44 எம்.பி.

அந்த 1962 செப்டம்பர் கடைசியில அவரு வாஷிங்டன் போனாரு. வயசு 83. கம்யூனிசம்னா அவருக்கு ஆகவே ஆகாது. ரஷ்யாவா அமெரிக்காவான்னு கேட்டா எந்தப் பக்கம் சாய்வாருன்னு எல்லாருக்கும் தெரியும். போய் என்ன பண்ணாரு தெரியுமா? கென்னடி எதிர்ல உக்காந்து அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கன்னு கேட்டாரு. கை தட்டப் போகல, செல்ஃபி எடுக்கப் போகல. அமெரிக்காவைப் பிடிச்சவன் அமெரிக்காகிட்டப் பேச வேண்டிய பேச்சு அது. அதே மாசம் நியூயார்க்குல சர்வதேச காபி ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு, எந்த நாடு எத்தனை மூட்டை ஏத்துமதி பண்ணலாம்னு. தென்னமெரிக்கா சிவப்பாயிடக் கூடாதேன்னு அமெரிக்காவே அதுக்கு ஒத்துக்கிச்சு. இங்க ராஜாஜி திட்டுன கோட்டா, அங்க ஐ.நா. சபை வளாகத்துல மாலை மரியாதையோட நடந்துச்சு. 1989 ஜூலையில அது உடைஞ்சப்ப எங்க எஸ்டேட் கணக்குல மை மாத்தி எழுத வேண்டி வந்துச்சு, கருப்புக்குப் பதிலா சிவப்பு.

ராஜாஜியை நான் சாமியாக்கல. எங்கப்பா ஆக்குனாரு, அது அவரு பாடு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டுலயே முதலா இந்தச் சேலம் ஜில்லாவுலதான் மதுவிலக்கு வந்துச்சு. அமெரிக்கா பதிமூணு வருஷம் அதே சோதனையைப் பண்ணிப் பார்த்து, 1933ல கையைக் கழுவி நாலு வருஷம் ஆச்சு அப்ப. கள்ளு வருமானம் போன பள்ளத்தை ரொப்ப 1939ல விற்பனை வரி போட்டாரு. சின்ன அரசாங்கம் பேசுன மனுஷன் பெத்த பிள்ளை அது, இன்னைக்கு நீ டீக்கடையில வாங்குற பிஸ்கட் வரைக்கும் ஜிஎஸ்டின்னு வேற பேர்ல நடமாடுது. 1953ல கிராமத்துப் பள்ளிக்கூடத்துல பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோன்னு ஒரு திட்டம் கொண்டாந்தாரு. குலக்கல்வின்னு பேர் வச்சு ஊரே எதிர்த்துச்சு. அடுத்த வருஷம் அவரு பதவியை விட்டாரு, காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டாரு. எங்கப்பா தொழில் காபிப்பழம் பறிக்கிறது. அந்தத் திட்டம் நிலைச்சிருந்தா நான் ரைட்டர் ஆகியிருக்க மாட்டேன், பர்க்கையும் படிச்சிருக்க மாட்டேன். பழசுல எதைக் காக்கணும், எதை விட்டுடணும்னு அவருக்கே அன்னைக்குத் தடுமாறிப் போச்சு. நம்ம ஆளுன்னு எங்கப்பா அதைக் கேக்கல. நான் கேட்டேன், வீட்டுல ரெண்டு நாள் சோறு கிடைக்கல.

நீயும் அப்படிக் கேளு. உன் ஆளு டிரம்ப் வரி போட்டா ஏன்னு கேளு, கடன் வாங்கினா எவ்வளவுன்னு கேளு. ஜோ பைடன் பண்ணா அநியாயம், இவரு பண்ணா ராஜதந்திரம்னு பேசுறதுக்கு ஒரு கொள்கை எதுக்கு, ரசிகர் மன்றச் சீட்டு போதுமே. நம்ம ஏற்காடு மாண்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடத்துல படிச்ச சசி தரூர் 2025ல மத்த கட்சிக்காரங்களையும் கூட்டிக்கிட்டு அமெரிக்காவுக்குத் தூது போய் வந்தாரு. சொந்தக் கட்சியில அவரைப் பிச்சு எடுத்துட்டாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் தன் கூட்டத்தை விட்டு ஒரு எட்டு எடுத்து வைக்கிறவனுக்கு நான் பாதி மார்க் போட்டுடுவேன். மீதி மார்க் எந்தப் பக்கம் எட்டு வச்சான்னு பார்த்துத்தான்.

கடைசியா ஒரு வேலை சொல்றேன். ஒஹாயோ கவர்னர் தேர்தல் எந்த வருஷம், எந்த மாசம், யாரு யாரு நிக்கிறாங்க, உனக்கு வாய்ப்பாடா வரும். அதிகாரம் தலைநகரத்துல இல்ல, ஊர்ல இருக்கணும்னு மூச்சுக்கு மூச்சு சொல்றே. நம்ம பஞ்சாயத்துத் தலைவர் யாரு சொல்லு பார்க்கலாம்? முழிக்காதே. 2019 டிசம்பர்ல நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அடுத்த தேர்தலை வைக்காமலேயே தனி அலுவலரைப் போட்டுட்டாங்க. சேலம் ஜில்லா மட்டும் இல்ல, 2019ல தேர்தல் நடந்த அத்தனை ஜில்லாவுலயும் இதே கதைதான். ஊரே தன்னைத்தானே ஆள வேண்டிய இடத்துல ஒரு அதிகாரி கையெழுத்துப் போடுறாரு, ஒஹாயோவுக்காக ராத்திரி முழிச்ச உனக்கு அது கண்ணுல படல.

தேர்தல் எப்பன்னு கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுது. பத்து ரூபா கட்டணம், அதை நான் தர்றேன். எழுதிட்டு, கீழ என் பேரையும் சேர்த்துப் போடு.